மிஸ்டர் டிமாரத்தான்: ஓடக்கூடாது என்று சொல்லப்பட்ட இதயம்

1911 ஏப்ரல் 19. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆஷ்லாண்ட் என்கிற சின்ன ஊர். பாஸ்டன் மாரத்தான் அங்கேதான் ஆரம்பிக்கும். ஓட வந்திருக்கிறவர்களை ஸ்டார்ட்டுக்கு முன்னாடி டாக்டர்கள் பரிசோதிக்கிறார்கள். அந்த வரிசையில் 22 வயது இளைஞர் ஒருவர், பெயர் கிளாரன்ஸ் டிமார். அச்சகத் தொழிலாளி. அவருடைய நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டருக்கு இதயத்துடிப்போடு சேர்ந்து ஒரு முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது. டாக்டர்கள் இதற்கு ஹார்ட் மர்மர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஓடலாம், ஆனால் களைப்பு வந்தால் உடனே நின்றுவிட வேண்டும், இதற்குப் பிறகு மாரத்தான் ஓடுவதை விட்டுவிட வேண்டும் என்று அறிவுரை சொல்லி அனுப்புகிறார்.

டிமார் போய் ஓடினார். நிற்கவில்லை. 2 மணி 21 நிமிடம் 39 வினாடியில் முடித்தார். முதல் இடம், அந்தப் பாதையில் அதுவரை யாரும் ஓடாத வேகம்.

சினிமாவா இருந்தா கதை இங்கேயே முடிஞ்சிருக்கும். டாக்டர் தப்பு, ஹீரோ சரி, பின்னாடி மியூசிக். நிஜத்தில் அப்படி நடக்கவில்லை. டிமார் தன் இரண்டாவது பாஸ்டன் வெற்றியை எடுத்தது 1922-ல். நடுவில் 11 வருஷம் போய்விட்டது. அந்தப் பதினோரு வருஷம் எங்கே போச்சு, எப்படித் திரும்பி வந்தார், கடைசியில் அந்த இதயத்தைத் திறந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. உசைன் போல்ட்டைத் தெரிந்த அளவுக்கு நமக்கு டிமாரைத் தெரியாது. ஆனால் அமெரிக்காவில் லாங் டிஸ்டன்ஸ் ஓடுகிறவர்களுக்கு அவர் ஒரு ஐகான். மிஸ்டர் டிமாரத்தான் என்றுதான் பத்திரிகைகள் அவரைக் கூப்பிட்டன.

தீவில் வளர்ந்த பையன்

டிமார் பிறந்தது 1888 ஜூன் 7, ஓஹியோ மாநிலத்தில் மடீரா என்ற ஊரில். எட்டு வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா குழந்தைகளோடு மாசசூசெட்ஸுக்கு வந்தார். குடும்பத்தில் பணம் கிடையாது. அதனால் பையனைப் பாஸ்டன் துறைமுகத்துக்குள் இருக்கும் தாம்ஸன் தீவில் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். விவசாயமும் கைத்தொழிலும் கற்றுத்தருகிற பள்ளி அது. சுற்றிலும் கடல். அங்கேயே தங்கி, அங்கேயே வேலை செய்து, அங்கேயே படிக்க வேண்டும்.

அங்கிருந்து வெளியே வந்ததும் வெர்மான்ட் பக்கம் ஒரு பழத்தோட்டத்தில் வேலை. அப்புறம் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கிராஸ் கன்ட்ரி டீமில் ஓட ஆரம்பித்தது அங்கேதான். வேகமான ஓட்டக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தூரம் கூடக் கூட மற்றவர்கள் களைத்துப் போனார்கள், இவர் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தார். இந்த நேரத்தில் அம்மாவுக்குத் துணையாக இருக்க வேண்டிய நிலைமை. டிகிரியை முடிக்காமலே காலேஜை விட்டுவிட்டு, பாஸ்டன் பக்கம் அச்சக வேலைக்கு வந்துவிட்டார்.

1910-ல் முதல் தடவை பாஸ்டன் மாரத்தான். கனடாவின் ஃப்ரெட் கேமரன் முதலிடம், டிமார் இரண்டாவது. மறு வருஷம்தான் நாம முதலில் பார்த்த 1911.

குளிர்காலம்தான் சிலபஸ்

அந்தக் காலத்தில் பாஸ்டன் மாரத்தான் ஏப்ரல் 19 அன்று நடக்கும். இந்தத் தேதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏப்ரலில் மாரத்தான் ஓடணும்னா டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முழுக்க ஓடியிருக்கணும். அந்த ஊரில் அந்த நாலு மாதமும் பனி. ஜனவரியில் ராத்திரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். டிசம்பரில் சாயங்காலம் நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ரோட்டில் பகலில் உருகிய பனி ராத்திரி மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மெல்ல உருகும்போது சேறும் ஐஸும் கலந்த கூழ்.

டிமார் ஒரு அமெச்சூர். அந்தக் காலத்து விதிப்படி ஓட்டத்துக்குக் காசு வாங்கினால் அவ்வளவுதான், போட்டிகளிலிருந்தே வெளியே. 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தார்ப், அதற்கு முன்னால் பேஸ்பால் ஆடிக் கொஞ்சம் சம்பளம் வாங்கினார் என்பதற்காக அந்த மெடல்களைப் பறித்தார்கள். அதனால் டிமாருக்கு ஸ்பான்ஸர் கிடையாது, கோச் கிடையாது, லீவு கிடையாது. அச்சகத்தில் முழுநாள் வேலை. கம்பாசிட்டர் வேலை என்றால், பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி தலைகீழாக இருக்கும் எழுத்தைப் படித்துக்கொண்டே வரிசையில் கோர்க்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டு செய்கிற வேலை.

அப்போ எப்போதான் பிராக்டிஸ்? அவர் கண்டுபிடித்த வழி ரொம்ப சிம்பிள். வேலைக்கு ஓடியே போனார், ஓடியே திரும்பி வந்தார். பயிற்சிக்குன்னு தனியா நேரம் ஒதுக்கத் தேவையே இல்லை. டிராமில் போகிற நேரம் பயிற்சி நேரமாக மாறியது. 1911 வெற்றிக்கு முன்னால் இப்படி வாரத்துக்கு நூறு மைல் அளவுக்கு, அதாவது சுமார் 160 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். அந்தக் காலத்தில் இது பெரிய எண். அதிகமாக ஓடினால் உடம்பு தேய்ந்துவிடும், இதயம் பெரிதாகிக் கெட்டுவிடும் என்று நம்பின காலம் அது. பல பயிற்சியாளர்கள் நடப்பதையும் ஓய்வையும்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தார்கள்.

குளிரில் ஓடுவதில் ஆபத்து ஓடும்போது இல்லை, நிற்கும்போதுதான். ஓடும்போது தசைகள் செலவழிக்கிற சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. நம்ம தெர்மோடைனமிக்ஸ் பாஷையில் சொன்னால் மனித உடம்பு ஒரு எஃபிஷியன்ஸி குறைந்த இன்ஜின். அந்த வெப்பத்தால் பனியிலும் வியர்க்கும். நின்றவுடனே இன்ஜின் ஆஃப், ஆனால் சட்டை நனைந்து இருக்கும். ஈரத் துணி உடம்புச் சூட்டை வேகமாக இழுத்துவிடும். அதனால் ஓடி வேலைக்குப் போகிற ஆளுக்கு ஷூவை விட முக்கியம், போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ள ஒரு காய்ந்த சட்டை.

இந்த மாதிரி மெதுவான, நீளமான, தினசரி ஓட்டம் உடம்பில் என்ன செய்கிறது என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். தசைக்குள் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் அதிகமாகின்றன. ஆக்ஸிஜனை வைத்து சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளுகிற ரத்தத்தின் அளவு கூடுகிறது. எதுவும் ஒரு வாரத்தில் நடக்காது, மாதக்கணக்கில் ஆகும். எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து கவர் பண்ண முடியாத ஒரே சப்ஜெக்ட் இதுதான்னு தோணுது. ஏப்ரலில் கூட்டம் கைதட்டுகிறது. ஆனால் ரேஸ் முடிவாகிறது யாருமே பார்க்காத பிப்ரவரி ரோட்டில்.

பதினோரு வருஷ கேப்

1912-ல் டிமார் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போனார். மாரத்தான் அன்று கடுமையான வெயில். டிமாருக்கு 12-ஆவது இடம். அதே ரேஸில் போர்ச்சுகலைச் சேர்ந்த ஃபிரான்சிஸ்கோ லாசரோ வழியில் விழுந்து, மறுநாள் இறந்துபோனார். மாரத்தான் ஓடினால் சாக வாய்ப்பு உண்டு என்பது டிமாருக்கு இனி பேப்பரில் படித்த விஷயம் இல்லை. தன்னோடு ஒரே கோட்டில் நின்று புறப்பட்ட ஒருவர் திரும்பி வரவில்லை.

ஒரு பக்கம் இது. இன்னொரு பக்கம் நெஞ்சில் சத்தம் கேட்கிறது என்று டாக்டர் சொன்னது. அவர் அந்த வார்த்தையை மறந்துவிடவில்லை. 1912-க்குப் பிறகு 1917 வரை பாஸ்டன் மாரத்தான் பக்கமே அவர் வரவில்லை. ஒரு ஓட்டக்காரனுக்கு 24-இலிருந்து 28 வயது என்பது எப்படிப்பட்ட காலம் என்று யோசித்துப் பாருங்கள். உச்சத்தில் இருக்க வேண்டிய நேரம்.

பயம் மட்டுமே காரணம் இல்லை. டிமார் தீவிரமான பாப்டிஸ்ட் கிறிஸ்தவர், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவர், சாரணர் குழுவை நடத்துபவர். ஓடி ஜெயித்துப் பெயர் வாங்குவது வெறும் தற்பெருமைதானோ என்கிற கேள்வி அவரை உறுத்தியது. அதோடு விட்டுப்போன படிப்பு இருந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்காக ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1910-ல் ஒரு மாலைநேரப் பிரிவு ஆரம்பித்திருந்தது. டிமார் அதில் சேர்ந்தார். பகல் முழுக்க மற்றவர்கள் எழுதினதை எழுத்து எழுத்தாகக் கோர்த்துவிட்டு, சாயங்காலம் புத்தகத்தோடு வகுப்புக்குப் போனார். 1915-ல் அசோசியேட் இன் ஆர்ட்ஸ் பட்டம் வாங்கினார். பின்னாளில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர் டிகிரியும் முடித்தார்.

வெர்மான்ட்டில் டிஸ்கன்டின்யூ ஆன பையன் வேலையில் இருந்துகொண்டே இரண்டு பட்டம் எடுத்ததை ஓட்டக் கதை சொல்கிறவர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு இது அவருடைய ஏழு வெற்றிகளுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. ரெண்டுலயும் டெக்னிக் ஒண்ணுதான். பெரிய ஃப்ரீ டைம் வரும்னு காத்திருக்காம, இருக்கிற நாளுக்குள்ளேயே அதை நுழைக்கிறது.

1917-ல் மறுபடி பாஸ்டன் வந்தார். மூன்றாவது இடம். அப்புறம் முதல் உலகப் போர், ராணுவ சேவை. திரும்பவும் இடைவெளி.

சாப்பாடும் சர்க்கரையும்

அந்தக் காலத்து மாரத்தான் டயட் பற்றிப் படித்தால் நமக்குத் தலை சுற்றும். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஜெயித்த தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் அவருடைய ஆட்கள் கொடுத்தது ஸ்ட்ரிக்னின், பிராந்தி, முட்டை வெள்ளைக்கரு. ஸ்ட்ரிக்னின் எலி மருந்தாகவும் பயன்பட்ட விஷம்! சின்ன அளவில் கொடுத்தால் நரம்பைத் தூண்டும் என்று நம்பிக் கொடுத்தார்கள். ஓடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது இன்னொரு நம்பிக்கை.

இந்த நிலைமை மாற ஆரம்பித்தது டிமார் ஓடிய அதே பாஸ்டன் ரோட்டில்தான். 1924-ல் சாமுவேல் லெவின் என்ற இதய மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் பாஸ்டன் மாரத்தான் முடித்தவர்களின் ரத்தத்தை எடுத்துச் சர்க்கரை அளவைப் பார்த்தார்கள். அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால்தான் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இன்சுலின் அதிகமாகி ரத்தச் சர்க்கரை இறங்கினால் நோயாளி எப்படி வெளிறிப்போய், நடுங்கி, குழம்பிப்போய் இருப்பார் என்று டாக்டர்கள் அப்போதுதான் பார்த்துப் பழகியிருந்தார்கள். ஃபினிஷ் லைனில் துவண்டு விழுந்தவர்கள் சிலரிடம் அதே அறிகுறிகள். ரத்தத்திலும் சர்க்கரை அளவு மிகவும் குறைந்திருந்தது.

அடுத்த வருஷம் அதை ஒரு சோதனையாகவே செய்தார்கள். ஓடுபவர்களில் சிலரை முந்தின நாள் மாவுச்சத்து நிறையச் சாப்பிட வைத்து, ஓடும்போது வழியில் மிட்டாயும் கொடுத்தார்கள். அந்த வருஷம் அவர்கள் வந்து சேர்ந்த நிலைமை நன்றாக இருந்தது. இன்றைக்கு மாரத்தான் ஓடுகிறவர்கள் பாக்கெட்டில் ஜெல் வைத்துக்கொள்கிறார்களே, அதோட தாத்தா இந்த மிட்டாய்தான். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கிற கிளைகோஜன் தீர்ந்துபோகிற இடத்தைத்தான் இன்றைக்கு ஓட்டக்காரர்கள் சுவர் என்று சொல்கிறார்கள். பாஸ்டன் பாதையில் நியூட்டன் ஊர் மேடுகள் சரியாக அந்த நேரத்தில், 17-ஆவது மைல் வாக்கில் ஆரம்பிக்கும். யார் அந்தப் பாதையை டிசைன் பண்ணினாலும் இதைவிடக் கொடூரமாகப் பண்ணியிருக்க முடியாது.

முடித்து வந்தவர்களுக்கு பாஸ்டனில் பாரம்பரியமாகக் கிடைத்தது ஒரு கிண்ணம் சூடான பீஃப் ஸ்டூ. பரிசுப்பணம் இல்லாத ஒரு உலகத்தில் மெடலுக்கு அடுத்த பரிசு அதுதான்.

திரும்பி வந்தவர்

1922-ல் டிமாருக்கு 33 வயது. கடைசி வெற்றிக்குப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஏப்ரலில் அவர் 2:18:10-ல் முடித்தார். பழைய 24.5 மைல் பாதையில் புதிய சாதனை. தன்னுடைய 22 வயது டைமை விட மூன்றரை நிமிடம் குறைவு! அப்புறம் நிற்கவே இல்லை. அவருடைய பாஸ்டன் வெற்றிகள் இவை:

1911: 2:21:39, வயது 22
1922: 2:18:10, வயது 33
1923: 2:23:47, வயது 34
1924: 2:29:40, வயது 35
1927: 2:40:22, வயது 38
1928: 2:37:07, வயது 39
1930: 2:34:48, வயது 41

டைம் ஏறிக்கொண்டே போகிறதே என்று நினைக்காதீர்கள். பாதை நீளமாகிவிட்டது. 1924-ல் ஸ்டார்ட்டை ஆஷ்லாண்டிலிருந்து ஹாப்கின்டனுக்கு மாற்றினார்கள். அப்போதும் அளந்ததில் கொஞ்சம் குறை இருந்தது. 1927-லிருந்துதான் முழு 26 மைல் 385 கஜம், நமக்குத் தெரிந்த 42.195 கிலோமீட்டர். இடைப்பட்ட 1925-லும் 26-லும் அவர் சும்மா இருக்கவில்லை, இரண்டாவதும் மூன்றாவதுமாக வந்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலம் வாங்கினார். அப்போது வயது 36.

ஓபன் ஓட்டப் பிரிவில் ஏழு தடவை பாஸ்டன் ஜெயித்த ஆண் இதுவரை வேறு யாரும் இல்லை. அந்தப் பிரிவில் 41 வயதில் அதை ஜெயித்த ஆணும் வேறு யாரும் இல்லை.

அவர் ரொம்ப இனிமையான மனிதர் என்று சொல்ல முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்து கை கொடுக்கிறவர்கள், கேட்காமலே மேலே தண்ணீர் ஊற்றுகிறவர்கள், ரோட்டை அடைத்துக்கொண்டு வரும் கார்கள், இவை எல்லாமே அவருக்கு எரிச்சல். கோபத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர் மேல் கை வைத்ததும் உண்டு. ரேஸ் அன்று ஹீரோ, மறுநாள் அச்சகத்தில் ஈய எழுத்துக்கு முன்னால் நிற்கிற தொழிலாளி. புகழை வைத்து அவரால் வாடகை கட்ட முடியாது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த எரிச்சல் எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

1929 வாக்கில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கீன் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அச்சுத்தொழில் கற்றுத்தருகிற ஆசிரியர் ஆனார். திருமணமும் அந்தச் சமயத்தில்தான். கடைசி பாஸ்டன் வெற்றி ஒரு வாத்தியாராக ஓடி எடுத்தது. 1937-ல் மாரத்தான் என்ற பெயரில் சுயசரிதை எழுதினார். தன்னை எச்சரித்த டாக்டரைப் பற்றி அதில் ஒரு கிண்டல் உண்டு. அந்த டாக்டரே அடுத்த ஓரிரண்டு வருஷத்தில் இதய நோயால் இறந்துவிட்டாராம், ஒருவேளை அன்றைக்கு அவர் தன்னுடைய இதயத்தின் சத்தத்தையே தவறாகக் கேட்டுவிட்டாரோ என்று டிமாருக்குச் சந்தேகம்.

ட்ரெட்மில்லில் ஒரு கம்பாசிட்டர்

1927-ல் ஹார்வர்டில் ஃபட்டீக் லேபாரட்டரி என்று ஒரு ஆய்வகம் ஆரம்பித்தார்கள். மனிதன் ஏன் களைப்படைகிறான் என்பதை அளந்து பார்க்கிற லேப். டேவிட் ப்ரூஸ் டில் முதலான விஞ்ஞானிகள் அங்கே வேலை செய்தார்கள். பக்கத்து ஊரிலேயே களைப்படையாத ஒரு ஆள் இருக்கும்போது விடுவார்களா? டிமாரை ட்ரெட்மில்லில் ஏற்றினார்கள்.

சாதாரண ஆள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால் தசைக்குத் தேவையான ஆக்ஸிஜன் போய்ச் சேர்வது பத்தாமல், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். மூச்சு வாங்கும், நிறுத்திவிடுவார். அதே வேகத்தில் டிமாரின் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகக் குறைவாகத்தான் ஏறியது. மற்றவர்கள் கடனில் ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் அவர் சம்பளத்துக்குள்ளேயே செலவு செய்துகொண்டிருந்தார். சப்ளையும் டிமாண்டும் பேலன்ஸ் ஆன ஸ்டெடி ஸ்டேட்.

அப்போது இதைப் பார்த்தவர்களுக்கு அவர் இயற்கை தந்த ஒரு அபூர்வப் பிறவியாகத் தெரிந்திருக்கலாம். ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் அந்த ஸ்டெடி ஸ்டேட்டுக்குப் பின்னால் எத்தனை குளிர்காலம், எத்தனை ஆயிரம் மைல் என்பதை ட்ரெட்மில் மீட்டர் காட்டாது.

கடைசி டெஸ்ட் ரிப்போர்ட்

அவர் ஓடுவதை நிறுத்தவே இல்லை. 1938-ல், ஐம்பதை நெருங்கும்போது, பாஸ்டனில் ஏழாவது இடம். முப்பது தடவைக்கு மேல் அந்தப் பாதையில் ஓடினார். கடைசியாக அங்கே ஓடியது 1954-ல், 65 வயதில். கடைசி பந்தயம் 1957-ல், 69 வயதில், 15 கிலோமீட்டர். 1958 ஜூன் 11 அன்று இறந்தார். காரணம் இதயம் இல்லை, புற்றுநோய்.

அவர் இறந்த பிறகு இதயத்தைப் பரிசோதித்தார்கள். ஜேம்ஸ் கரன்ஸும் பால் டட்லி ஒயிட்டும் 1961-ல் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். ஒயிட் சாதாரண ஆள் இல்லை, 1955-ல் அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது சிகிச்சையில் முக்கியப் பங்கு வகித்தவர். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற கரோனரி தமனிகள் டிமாருக்குச் சராசரி மனிதரைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. எழுபது வயதுக்குரிய படிவு கொஞ்சம் இருந்தாலும் ரத்தம் போக வழி தாராளமாக இருந்தது.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் குறுக்குப் பரப்பு நான்கு மடங்கு. லாமினார் ஃப்ளோவில் பாய்சொய் சமன்பாட்டின்படி அதே அழுத்தத்தில் பாய்வு ஆரத்தின் நான்காவது அடுக்கு, அதாவது 16 மடங்கு. உடம்பு இவ்வளவு நேரான பைப் இல்லை. ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் இதற்குப் பின்னால் இருக்கும் மிகச் சின்ன குழாய்கள். ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. சாதாரண குழாயை அடைத்துவிடக்கூடிய அதே அளவு படிவு, அவ்வளவு அகலமான குழாயில் ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

அந்த அகலம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததா, ஓடி ஓடி வந்ததா? ஒரே ஒரு இதயத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஆனால் ஓடினால் இதயம் தேய்ந்துவிடும் என்ற பழைய பயத்துக்கு எதிராக, ஐம்பது வருஷம் ஓடிய ஒரு இதயம் கையில் கிடைத்தது. அதிக தூரம் ஓடுவதை டாக்டர்கள் பார்த்த பார்வை மாறியதில் அந்தக் கட்டுரைக்கும் பங்கு உண்டு.

அப்போ 1911-ல் கேட்ட அந்த முணுமுணுப்பு? நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களின் இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும். அந்த வேகமான ஓட்டமே ஆபத்தில்லாத ஒரு மர்மரை உண்டாக்கலாம். ஆபத்தானதையும் ஆபத்தில்லாததையும் பிரித்துப் பார்க்க அன்றைக்கு எக்கோ கார்டியோகிராம் கிடையாது. அந்த டாக்டரிடம் இருந்தது ஒரு ஸ்டெதாஸ்கோப்பும், ஒரு காலத்தின் நம்பிக்கையும்தான். அவர் கெட்டவரும் இல்லை, முட்டாளும் இல்லை. கையில் இருந்த கருவி அவ்வளவுதான் சொன்னது. அந்தக் கருவியின் எல்லையைத் தன் முடிவின் எல்லையாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே.

இதைப் படித்துவிட்டு டாக்டர் பேச்சைக் கேட்காதே என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ போய்க் காட்டுங்கள். இன்றைக்கு ஒரு ஈசிஜியும் எக்கோவும் எடுத்தால் டிமாருக்குப் பதினோரு வருஷம் பதில் கிடைக்காத கேள்விக்கு ஒரு மதியத்துக்குள் பதில் கிடைத்துவிடும். அவரும் எதிர்த்து நின்று டயலாக் பேசவில்லை. பயந்தார், தள்ளி இருந்தார், படித்தார், கடைசியில் மெதுவாகத் திரும்பி வந்தார்.

ஃபைனல் இயர் வந்துட்டா நம்மளைப் பத்தி எல்லாருக்கும் ஒரு ரிப்போர்ட் இருக்கும். சிஜிபிஏ, ஆப்டிட்யூட் ஸ்கோர், இவன் கோருக்கு செட் ஆவான், இவ மேனேஜ்மென்ட்டுக்குத்தான் சரி. எல்லாமே ஏதோ ஒரு கருவி ஏதோ ஒரு நாளில் எடுத்த ரீடிங். அதை மதிக்கலாம். ஆனால் அதுக்கு எரர் மார்ஜின் உண்டு என்பதை நாலு வருஷமா லேப் ரெக்கார்டில் எழுதிக்கொண்டிருக்கிற நாமதான் முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ளணும்.

டிமார் பாடம் நடத்திய கீன் ஊரில் 1978-லிருந்து அவர் பெயரில் ஒரு மாரத்தான் நடக்கிறது. அது வருவது செப்டம்பரில். குளிர்காலத்தில் ஓடிப் பழக வேண்டிய கட்டாயம் இல்லாத தேதி.